சப்பான்காரன் குண்டு போட்ட வருசமும் ஒரு வானோடியின் நாட்குறிப்பும்

எங்கள் அம்மா எப்போது பிறந்தார் என்று கேட்டால் அம்மாயி ஒரே பதிலைத்தான் சொல்வார். சப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருசம், இறப்பர் இலை உதிர்ந்து மறுபடி துளிர்த்த பிறகு. மாதமும் திகதியும் அவருக்குத் தெரியாது. எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்த பிள்ளைக்குத் திகதி எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். அந்த ஒற்றைத் திகதி பின்னாளில் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்று அப்போது லயத்தில் யாருக்கும் தெரியாது.

அந்த வருசம் 1942. குண்டு விழுந்த நாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அதற்கு முதல் நாள் பின்னேரம், குண்டு போட வந்துகொண்டிருந்த கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய ஒரு விமானம் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் ஒன்பது பேர் இருந்தனர். அதை ஓட்டியவர் கனடாவைச் சேர்ந்த லியனார்ட் பேர்ச்சல். இலங்கையின் இரட்சகர் என்று மேற்கு நாட்டுப் பத்திரிகைகள் பிறகு அவருக்குப் பட்டம் சூட்டின. அந்தப் பட்டம் எவ்வளவு பொருந்தும் என்பது வேறு கேள்வி. அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது, வானத்தில் அவர் செய்ததை விட, சிறைப்பட்ட பிறகு செய்ததுதான்.

பேர்ச்சல் 1915 யூலை 6ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணத்தின் சென்ற் கத்தரின்ஸ் நகரில் பிறந்தார். கிங்ஸ்ரனில் உள்ள அரச இராணுவக் கல்லூரியில் படித்து 1937இல் வெளியேறி விமானப்படையில் சேர்ந்தார். போரின் ஆரம்பத்தில் கனடாவின் கிழக்குக் கரையில் கடல் விமானம் ஓட்டிக் கண்காணிப்பது அவர் வேலை. 1940 யூன் மாதம் இத்தாலி போரில் குதித்த நாளில், சென்ற் லோரன்ஸ் குடாவில் இருந்து தப்பிச் செல்லப் பார்த்த கப்போ நோலி என்ற இத்தாலியச் சரக்குக் கப்பலின் மேல், தாக்கப் போகிறவர் போலத் தாழப் பறந்தார். பயந்துபோன கப்பல் தலைவன் கப்பலைத் தரைதட்ட விட்டான். பேர்ச்சல் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி, கடற்படை வந்து கப்பலைப் பிடிக்கும்வரை காத்திருந்தார்.

1942 தொடக்கத்தில் ஆசியாவில் பிரித்தானியாவின் நிலை தலைகீழானது. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. சாவகமும் சுமாத்திராவும் யப்பானின் கைக்குப் போயின. உலகத்தின் இறப்பரில் பெரும் பங்கை விளைவித்த மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியாவும் பறிபோனதால், நேச நாடுகளிடம் எஞ்சிய பெரிய இயற்கை இறப்பர் விளைநிலம் இலங்கைதான். விமானச் சில்லு, லொறி டயர், உயிர்காப்புப் படகு எல்லாவற்றுக்கும் இறப்பர் வேண்டும். அந்த இறப்பர் களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இருந்தது. அதை வெட்டி எடுத்த கைகளில் பெருந்தொகை எங்கள் ஆட்களுடைய கைகள்.

இலங்கையைக் காக்க அனுப்பப்பட்டவற்றில் ஒன்று கனேடிய விமானப்படையின் 413ஆம் அணி. ஸ்கொத்லாந்துக்கு வடக்கே ஷெட்லன்ட் தீவுகளில் இருந்து தென்னிலங்கையின் கொக்கலைக்கு அது மாற்றப்பட்டது. கொக்கலை வாவியில் கற்றலினா என்ற பெரிய கடல் விமானங்கள் இறங்கும். அந்தத் தளத்துக்காகக் கொக்கலைக் கிராமத்து மக்கள் குறுகிய அவகாசத்தில் வீடுகளை விட்டு எழுப்பப்பட்டார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சொந்த ஊர் அது. வீடுகள் இடிக்கப்பட்டபோது அவருடைய பிறந்த வீடு மட்டும் தப்பி இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல் வருவதற்கு முன்பே, அது செய்யும் வேலை இந்தத் தீவில் நடந்திருக்கிறது.

பேர்ச்சல் கொக்கலைக்கு வந்தது ஏப்ரல் 2. ஊரையும் கடலையும் பார்த்துப் பழக அவகாசமில்லை. ஏப்ரல் 4 விடியுமுன்பே தெற்குக் கடலைக் கண்காணிக்கப் புறப்பட்டுவிட்டார். கற்றலினா நீண்ட நேரம் பறக்கும். ஆனால் வேகம் குறைவு. நாள் முழுவதும் வெறும் கடலைப் பார்த்தபடி அங்குமிங்கும் பறந்து, திரும்ப வேண்டிய நேரமும் நெருங்கியது. வழிகாட்டியாக இருந்த ஒனியெற் என்ற கனேடியர், நிலவு எழுந்தால் தாங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகக் கணித்துக்கொள்ளலாம் என்று விரும்பினார். அதற்காக இன்னொரு சுற்றுப் போனார்கள். அந்தக் கூடுதல் சுற்றில்தான், பின்னேரம் நான்கு மணியளவில், இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில், அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன.

கிட்டப் போய்ப் பார்த்தார்கள். அது வைஸ் அட்மிரல் நகுமோவின் படை. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே படையின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களும் அவற்றைச் சுற்றிப் போர்க்கப்பல்களும் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தன. மறைந்துகொள்ள மேகமில்லை. சீரோ சண்டை விமானங்கள் மேலெழுந்து வந்தன. கற்றலினாவில் இருந்த வானொலி இயக்குநர் எதிரிக் கப்பல்களின் எண்ணிக்கை, இடம், திசை, வேகம் ஆகியவற்றை அனுப்பத் தொடங்கினார். விதிப்படி அதை மூன்று முறை அனுப்ப வேண்டும். மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருந்தபோது குண்டு பட்டு வானொலி நின்றது.

விமானம் தீப்பற்றியது. உடைந்து போவதற்குள் பேர்ச்சல் அதைக் கடலில் இறக்கினார். ஒருவர் விமானத்துடனேயே மூழ்கிவிட்டார். மற்றவர்கள் எண்ணெய் எரியும் தண்ணீரில் குதித்தார்கள். சீரோக்கள் தண்ணீரில் கிடந்தவர்களையும் சுட்டன. சுடும் நேரத்தில் நீருக்குள் மூழ்கிக்கொண்டவர்கள் தப்பினார்கள். கடுங்காயத்துடன் மிதப்பு அங்கியில் கிடந்த இருவரால் மூழ்க முடியவில்லை. அவர்கள் அங்கேயே இறந்தார்கள். எஞ்சிய ஆறு பேரை இசோகசே என்ற யப்பானிய நாசகாரிக் கப்பல் தூக்கி எடுத்தது. அவர்களிலும் சிலர் மோசமாகக் காயப்பட்டிருந்தனர்.

கப்பல் தளத்திலேயே விசாரணை தொடங்கியது. செய்தி அனுப்பினாயா என்பதே கேள்வி. அனுப்ப முன்பே வானொலி உடைந்துவிட்டது என்று பேர்ச்சல் சாதித்தார். அடித்தும் அவர் மாறவில்லை. சற்று நேரத்தில், விளங்காத பகுதியைத் திருப்பி அனுப்பும்படி கொழும்பு வானொலியில் கேட்டது என்றும், அதை யப்பானியர் ஒட்டுக்கேட்டுவிட்டார்கள் என்றும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பொய் வெளிப்பட்டதும் அடி இன்னும் பலமாக விழுந்தது.

அந்தச் செய்தி என்ன செய்தது? இதில் நேர்மையாக இருக்க வேண்டும். யப்பானியர் வரக்கூடும் என்று பிரித்தானியர் இரகசியக் குறியீடுகளை உடைத்து முன்பே அறிந்திருந்தார்கள். எப்போது என்பதுதான் தெரியாமல் இருந்தது. நாட்கணக்கில் காத்திருந்த கிழக்குக் கப்பற்படை, எரிபொருள் நிரப்ப மாலைதீவின் அட்டுத் தீவுக்குப் போயிருந்தது. பேர்ச்சலின் செய்தி, நாளை விடியலில் என்பதை உறுதிப்படுத்தியது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பல இரவோடிரவாக வெளியேறின. மறுநாள் காலை புச்சிடாவின் தலைமையில் ஏறத்தாழ 125 விமானங்கள் வந்தபோது துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் குறைந்திருந்தன.

ஆனால் வெளியேறிய கப்பல்கள் எல்லாம் தப்பவில்லை. அவ்விரவே கொழும்பை விட்டுப் போன கோர்ண்வோல், டோர்செற்சயர் என்ற இரு போர்க்கப்பல்களும் அன்று பிற்பகல் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் இறந்தனர். எச்சரிக்கை கிடைத்திருந்தும், விமானங்கள் வந்த நேரத்தில் இரத்மலானையில் சண்டை விமானங்கள் தரையில்தான் நின்றன. குண்டுகள் துறைமுகத்தில் மட்டும் விழவில்லை. அங்கொடை மனநல வைத்தியசாலையிலும் விழுந்தன. கொழும்பில் எண்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். வைத்தியசாலைகளில் குண்டு விழுந்ததைக் கண்ட எமக்கு, அந்த முதல் வைத்தியசாலையின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கிழமையில் யப்பானியப் படையைக் கண்டு செய்தி அனுப்பியவர் பேர்ச்சல் மட்டுமல்ல. அவருக்குப் பிறகு இரவில் தேடிப் போன இன்னொரு கற்றலினா, அதிகாலையில் செய்தி அனுப்பிவிட்டுக் காணாமற் போனது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்ட காலையில், அதே 413ஆம் அணியின் வேறொரு கற்றலினா கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பத் தொடங்கிச் சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்த இரண்டு விமானங்களிலும் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களும் பேர்ச்சல் செய்ததைத்தான் செய்தார்கள். திரும்பி வந்து சொல்ல ஆளில்லாததால் அவர்களுக்குப் பட்டமும் இல்லை, கதையும் இல்லை. அந்தக் கடல்களில் மறைந்து உடல் கிடைக்காத வானோடிகளின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவிடச் சுவரில் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. உடல் இல்லாவிட்டாலும் பெயருக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

குண்டு விழுந்த பிறகு கொழும்பு காலியானது. ஆட்கள் யாழ்ப்பாணத்துக்கும் இந்தியாவுக்கும் மலைநாட்டுக்கும் ஓடினார்கள். கையில் மூட்டையுடன் அவிசாவளைப் பக்கம் வந்து இறங்கியவர்களைப் பார்த்ததாக அம்மாயி சொல்வார். பர்மா அரிசி நின்றுபோனது. பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமை மா வந்தது. இன்று லயத்துச் சாப்பாடு என்றாலே நினைவுக்கு வரும் ரொட்டி அப்போதுதான் தங்கள் அடுப்புக்கு வந்து நிலைத்தது என்பது முதியவர்களின் பேச்சு.

தோட்டத்தில் வேலை கூடியது. போருக்கு இறப்பர் போதவில்லை. வழமையாக மரத்துக்கு ஓய்வு விட்டு, பட்டை மீண்டும் வளர நேரம் கொடுத்து வெட்டுவார்கள். அந்த வருசங்களில் வயதான மரங்களில் நாள்தோறும், எட்டிய உயரத்துக்கெல்லாம், இரண்டு மூன்று இடத்தில் வெட்டச் சொன்னார்கள். மரம் செத்தாலும் பரவாயில்லை, பால் வந்தால் சரி என்ற வெட்டு அது. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால், விடிய முன்பே பெரட்டுக்குப் போய் நின்று, இருட்டோடு காட்டுக்குள் ஏறி, ஒவ்வொரு மரமாய்க் கீறிச் சிரட்டை வைத்துவிட்டு, பிறகு வாளியுடன் திரும்ப அதே மலையில் ஏறிப் பால் எடுத்து வர வேண்டும். காய்ச்சல் என்றால் பெரட்டில் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவர் நம்பினால்தான் காய்ச்சல். அம்மாயி வயிற்றில் அம்மாவைச் சுமந்துகொண்டு அந்த மலை ஏறினார்.

இந்தக் காய்ச்சல் கதையை மனதில் வைத்துக்கொண்டு பேர்ச்சலிடம் திரும்புவோம்.

யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் முதலில் அடைக்கப்பட்டது யொக்கோகாமாவுக்கு அருகே ஓபுனா என்ற இடத்தில். அது யப்பானியக் கடற்படையின் இரகசிய விசாரணை முகாம். அங்கிருந்தவர்கள் போர்க்கைதிகளாகப் பதிவு செய்யப்படவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் அவர்களைப் பற்றிச் சொல்லப்படவில்லை. கைதிகள் ஒருவரோடு ஒருவர் பேசவும் தடை. பேர்ச்சல் அங்கே மாதக்கணக்கில் தனிமையில் கிடந்தார். கொக்கலையில் இருந்த அணிக்குத் தெரிந்ததெல்லாம் பாதியில் நின்ற ஒரு செய்தியும் திரும்பி வராத ஒரு விமானமும்தான். பதிவில்லாத முகாம், சொல்லப்படாத பெயர், வீட்டில் காத்திருக்கும் மனைவி. இந்த மூன்றையும் எம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு யொக்கோகாமாவில் விளையாட்டு அரங்கு ஒன்றில் அமைந்த கைதிகள் முகாமுக்கு அவர் மாற்றப்பட்டார். அங்கிருந்தவர்களில் மூத்த அதிகாரி அவர். முதலில் அவர் கைவைத்தது சாப்பாட்டில். அதிகாரிகள் கடைசியில்தான் உணவு எடுக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். யாராவது தன் பங்கு குறைந்துவிட்டது என்று நினைத்தால், எந்த அதிகாரியின் கோப்பையையும் கேள்வி இல்லாமல் மாற்றி எடுத்துக்கொள்ளலாம். பட்டினி கிடக்கும் இடத்தில் ஒரு கரண்டி சோற்றுக்காக மனிதர் மனிதரை வெறுக்கத் தொடங்குவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முகாம் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கும் அது தெரியும். சாப்பாட்டு வரிசையில் நியாயம் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் மற்ற விடயங்களில் அவர் சொன்னதைக் கைதிகள் கேட்டார்கள்.

இரண்டாவது, நோயாளிகள். கைதிகள் துறைமுகங்களிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். எத்தனை பேர் வேலைக்கு வர வேண்டும் என்று எண்ணிக்கை விதிக்கப்படும். எண்ணிக்கை குறைந்தால் நோயாளிகளையும் எழுப்பி நிறுத்துவார்கள். 1944இல், எழுந்து நிற்க முடியாதவர்களும் துறைமுக வேலைக்கு இழுத்துச் செல்லப்படுவதைக் கண்ட பேர்ச்சல், அவர்களை விடுவிக்கும்வரை யாரும் வேலை செய்யக்கூடாது என்று கட்டளையிட்டார். துப்பாக்கி முனையில், எதிரி மண்ணில், கைதிகளின் வேலைநிறுத்தம் அது. அவரை அடித்தார்கள். ஆனால் நோயாளிகள் விடப்பட்டார்கள். தண்டனையாக அவர் ஓமோரி முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கும் அடி, அங்கும் தனிமைச் சிறை.

ஓமோரி, தோக்கியோக் குடாவில் அமைந்த முகாம். 1945 மார்ச் மாதம் அமெரிக்க பி-29 விமானங்கள் தோக்கியோவை எரித்தபோது, ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இறந்தார்கள். சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்ட பி-29 வானோடிகளை யப்பானியர் போர்க்கைதிகளாக ஏற்கவில்லை. ஓமோரியில் அவர்கள் தனியே அடைத்து வைக்கப்பட்டார்கள். மற்றவர்களை விடக் குறைந்த உணவே கிடைத்தது. வேறு இடங்களில் பிடிபட்ட வானோடிகள் பலர் கொல்லப்பட்டார்கள். கீழே எரிந்த நகரத்தின் துயரமும், அதை எரிக்க வந்து விழுந்தவர்களின் துயரமும் ஒரே குடாவின் கரையில் இருந்தன. குண்டு வீசியவன் கையில் அகப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருந்தது. 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் யப்பான் கையொப்பமிட்டிருந்தது. ஆனால் அதை உறுதிப்படுத்தி ஏற்கவில்லை.

மூன்றாவது, எழுத்து. சிறையில் இருந்த காலம் முழுவதும் பேர்ச்சல் இரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். யார் அடித்தார், யாருக்கு என்ன நோய், மருந்து கேட்டபோது என்ன நடந்தது, யார் இறந்தார் என்று எழுதினார். பிடிபட்டால் உயிர் போகும். எழுதியதை மண்ணுக்குள் புதைத்து வைத்தார். இப்படி 22 குறிப்பேடுகள் சேர்ந்தன. 1945 ஓகஸ்ட் மாத இறுதியில் மலைப்பகுதியில் இருந்த முகாம் ஒன்றில் அவர் விடுவிக்கப்பட்டபோது உடல் எலும்பாகிப் போயிருந்தது. ஆனால் குறிப்புகள் இருந்தன. பிறகு நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் அவை சான்றாக வைக்கப்பட்டன. அவரும் சாட்சி சொன்னார். நினைவு மங்கலாம், சாட்சி மாறலாம் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அன்றன்று திகதியிட்டு எழுதிய ஏட்டை அப்படி எளிதில் தள்ள முடியாது.

கடற்படையைக் கண்டு எச்சரித்ததற்கும், சிறையில் மற்றவர்களைக் காத்ததற்கும் அவருக்கு விருதுகள் வந்தன. விமானப்படையில் தொடர்ந்து உயர்ந்து, 1963 முதல் 1967 வரை தான் படித்த கிங்ஸ்ரன் இராணுவக் கல்லூரிக்கே தலைவராக இருந்தார். பின்பு ஓய்வு பெற்று, ரொறன்ரோவில் உள்ள யோர்க் பல்கலைக்கழகத்தில் 1982 வரை நிர்வாகப் பணி செய்தார். அவர் அங்கிருந்து விலகிய மறு ஆண்டில்தான் 1983 கலவரம். அதற்குப் பிறகு அந்த நகருக்கு ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்த எம்மவரின் பிள்ளைகள் இன்று அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் கனடாவின் உயர் குடிமை விருதும் அவருக்குக் கிடைத்தது. 2004 செப்ரெம்பர் 10ஆம் திகதி, 89ஆவது வயதில், கிங்ஸ்ரனில் இறந்தார்.

அவர் காத்ததாகச் சொல்லப்படும் இலங்கையில், போருக்கு இறப்பர் வெட்டிக் கொடுத்தவர்களுக்கு என்ன நடந்தது? போர் முடிந்த அடுத்த வருசமே, 1946இல், கேகாலை மாவட்டம் உந்துகொடையில் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம மக்களுக்குப் பகிர்ந்து கொடுக்க எடுத்தது. அங்கு வேலை செய்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னார்கள். வெளியேற மறுத்தவர்கள் மீது அத்துமீறி இருப்பதாக வழக்கு. அதை எதிர்த்துச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். நிலமற்ற சிங்களக் கிராமத்தவருக்கும் காணி தேவைப்பட்டது என்பது உண்மை. ஆனால் ஒரு தலைமுறை வாழ்ந்து உழைத்த இடத்தில் இருந்ததையே குற்றமாக்கி அந்தத் தேவையைத் தீர்க்கப் பார்த்தார்கள்.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல், இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கான சட்டம் வந்தது. 1946 சனவரி 1க்கு முன் தொடர்ந்து, திருமணமானவர் ஏழு ஆண்டும் மற்றவர் பத்து ஆண்டும் இந்நாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கக் கடதாசி வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். அம்மாயி பிடித்த கத்தியின் தழும்பு விரலில் இருந்தது. அவர் வெட்டிய மரங்களின் வடு மலை முழுவதும் இருந்தது. திகதி கேட்டபோது அவரிடம் இருந்தது சப்பான்காரன் குண்டு போட்ட வருசம் என்ற ஒற்றை வாக்கியம் மட்டுமே. அதை எந்த மேசையும் ஏற்கவில்லை.

1977இல் அடி விழுந்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் விழுந்தது. 1983இலும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் சப்பிரகமுவாவில் இருந்து லொறி லொறியாய்ச் சனங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனார்கள். எங்கள் சின்னம்மாவும் 1977க்குப் பிறகு அப்படித்தான் போனார். காடு வெட்டி, கிணறு தோண்டி, பிள்ளைகளை வளர்த்தார். 2009இல் அவருடைய நடு மகன் இல்லாமற் போனான்.

சின்னம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். ஆனால் மகன் போன பிறகு பேத்தியை உட்கார வைத்து ஒரு சீஆர் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதுவித்தார். கடைசியாகக் கண்ட நாள், இடம், நேரம், அவன் போட்டிருந்த சட்டை, கூட நின்றவர்கள் யார், பிறகு எந்த அலுவலகத்துக்கு எந்தத் திகதியில் போனேன், யார் என்ன சொன்னார்கள். பல ஆணைக்குழுக்களைக் கண்டுவிட்டது அந்தக் கொப்பி. மட்டை கிழிந்து இரண்டாம் மட்டை போட்டாயிற்று. இதை ஏன் இப்படிக் காக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். தன் அம்மா வாயால் சொன்னது ஒன்றும் நிற்கவில்லை, அதனால்தான் என்றார்.

பேர்ச்சலுக்குப் பின்னால் போரில் வென்ற அரசுகள் இருந்தன. அவருடைய ஏடுகளை மேசையில் வைக்க ஒரு நீதிமன்றம் காத்திருந்தது. சின்னம்மாவின் கொப்பிக்கு அப்படியொன்று இன்னும் வரவில்லை. அந்த வேறுபாட்டை மறைத்து இரண்டையும் ஒன்றாக்க நான் விரும்பவில்லை. ஆனால் மண்ணுக்குள் ஏட்டைப் புதைத்த நாட்களில், அதைத் தோண்டி எடுக்க ஆள் இருக்குமா, கேட்க நீதிமன்றம் இருக்குமா என்று பேர்ச்சலுக்கும் தெரியாது. தெரியாமலேதான் எழுதினார்.

1942ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்று எங்கள் தோட்டங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். வன்னிக்குப் போய்த் தங்கிவிட்ட குடும்பங்களிலும் ஒரு சிலர் இருக்கலாம். அவர்கள் அருகில் ஒரு பின்னேரம் உட்கார்ந்து, தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், எத்தனை மரம் வெட்டினார்கள், யார் எந்த வருசம் எங்கே போனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுதிய நாளையும் மேலே போடுங்கள். சின்னம்மாவின் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் திகதி இருக்கிறது.